கறிவேப்பிலைக்கு மண் வேண்டாம்

ஊரில் பல வீடுகளில் கறிவேப்பிலை மரம் கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். யாரும் அதற்கென்று குழி வெட்டி எருப் போட்டு வளர்த்ததில்லை. அரிசி கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர், புளித்துப்போன மோர், அடுப்புச் சாம்பல் என்று சமையலறை கழித்துக் கட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு அது கூரை உயரத்துக்கு வளர்ந்தது. அடியில் பக்கக் கன்றுகள் முளைத்தன. அக்கம்பக்கத்தார் அவற்றைத் தோண்டிக்கொண்டு போனார்கள். செடி என்றால் அதற்குச் சாப்பாடு போட வேண்டும், சாப்பாடு மண்ணில் இருக்கிறது, மண் கறுப்பாகவும் கனமாகவும் இருந்தால் சாப்பாடு நிறைய இருக்கிறது என்ற கணக்கு நமக்குள் படிந்தது அந்தக் கொல்லையைப் பார்த்துத்தான். அந்தக் கணக்கை மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறியவர்கள், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பதினோராம் மாடியில் ஒரு தொட்டியை வைத்து அதே மரத்தை வளர்க்கப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கொரு கன்று செத்துப்போகிறது. தமிழ்க் கடையில் வாங்கிய கன்றானால் இருபது முப்பது டாலர். குளிர் தாங்கவில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், கண் பட்டுவிட்டது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. பல ஆண்டுகள் இந்தச் சாவுகளைப் பார்த்த பிறகு என் முடிவு வேறு. பசியால் செத்த கறிவேப்பிலைச் செடியை இந்த ஊர்த் தொட்டிகளில் நான் அநேகமாகப் பார்த்ததில்லை. அவை செத்தது மூச்சுத் திணறி.

எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்தால் காரணம் தெரியும். செப்டம்பர் கடைசியில் இரவுக் குளிர் தொடங்கும்போது பால்கனியில் இருந்த தொட்டி வீட்டுக்குள் வருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் கீழ்ப்பக்க இலைகள் மஞ்சளடிக்கின்றன. மஞ்சள் என்றால் சத்துக்குறைவு; ஆகவே உரம். பிறகு கொழுந்து தலை தொங்குகிறது. தொங்கினால் தாகம், ஆகவே தண்ணீர். மேலும் தொங்குகிறது, மேலும் தண்ணீர். டிசம்பரில் குச்சி மட்டும் நிற்கிறது. இதில் வேதனையான வேடிக்கை என்னவென்றால், நீரில் மூழ்கிய வேர் காட்டும் அறிகுறிகளும் பசி, தாகத்தின் அறிகுறிகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். வேரும் நம்மைப்போல் ஆக்சிஜனை எடுத்து மூச்சுவிடும் உறுப்பு. காற்றில் பரவும் வேகத்தைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் எல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேருக்கு மூச்சு இல்லை. மூச்சில்லாத வேர் தண்ணீரையும் உறிஞ்சாது, உப்புகளையும் உறிஞ்சாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடும், உரத்துக்குள் நின்றுகொண்டே மஞ்சளடிக்கும். பின்னால் வரும் பித்தியம், பைட்டாப்தோரா போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் முடித்துவைக்க வருபவைதான்.

ஊரில் களிமண்ணிலேயே நன்றாக வளர்ந்ததே, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில்கூட நின்றதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் மண்ணின் குணத்தில் இல்லை, அதன் ஆழத்தில் இருக்கிறது. தரையில் விழுந்த தண்ணீரைக் கீழே உள்ள மண் இழுத்துக்கொண்டே போகும். அதற்கும் கீழே இன்னும் மண் இருக்கிறது. மண்புழுத் துளை, பழைய வேர் அழுகிய துளை, எறும்பு வளை என்று காற்றுப் போக வழிகள் ஆயிரம். தொட்டி என்பது அந்த மண் தூணை ஒரு சாணில் வெட்டி எடுத்து அடியில் காற்றை வைத்தது. அடியில் ஓட்டை இருக்கிறதே, தண்ணீர் வடிந்துவிடாதா என்றால், முழுக்க வடியாது. பாத்திரம் தேய்க்கும் செவ்வகமான ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து, தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, கழுவு தொட்டிக்கு மேல் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். நின்றுவிட்டதா? இப்போது பிழியாமல் அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். தண்ணீர் மறுபடி கொட்டும். அதே ஸ்பாஞ்சு, அதே துளைகள். மாறியது உயரம் மட்டும். ஒவ்வொரு ஊடகமும், ஸ்பாஞ்சோ மண்ணோ, அடியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஓட்டை எத்தனை போட்டாலும் அந்த உயரம் குறையாது. துகள்கள் நுணுக்கமாக இருந்தால் உயரம் கூடும், பருமனாக இருந்தால் குறையும். களிமண் தொட்டியில் அந்த ஈரப்பட்டை பாதித் தொட்டிக்கு மேல்கூட வந்துவிடும். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நாம் தண்ணீர் ஊற்றும்போது, அடியில் உள்ள வேர்கள் கிணற்றுக்குள் நிற்கின்றன.

இதே காரணத்தால்தான் தொட்டியின் அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பும் வழக்கமும் பயனில்லாதது. நம்மூர் நர்சரிக்காரர்கள் முதல் இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்கள்வரை எல்லோரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நுணுக்கமான மண்ணிலிருந்து பருமனான ஜல்லிக்குத் தண்ணீர் தானாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிறைந்த பிறகே இறங்கும். ஆகவே ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். தொட்டியின் உயரத்தில் ஒரு விரற்கடையை நாமே வெட்டி எறிந்ததுதான் மிச்சம். ஓட்டை வழியாக மண் ஒழுகாமல் இருக்க ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொட்டிக்குத் தனி ஊடகம் வேண்டும் என்பது தோட்டக்கலைக்கே சிரமப்பட்டுத்தான் தெரிந்தது. 1930களில் லண்டனை ஒட்டிய மெர்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்ற இருவர் இதைப் பிடிவாதமாக ஆராய்ந்தார்கள். அதுவரை ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு ரகசியக் கலவை வைத்திருந்தார்; நம்முடைய மசாலாப்பொடி மாதிரி, அளவு யாருக்கும் சொல்லமாட்டார்கள். இவர்கள் கண்டது, நல்ல கட்டமைப்புள்ள மண் ஏழு பங்கு, பீட் என்ற சதுப்பு நில மட்கு மூன்று பங்கு, பருமணல் இரண்டு பங்கு என்ற ஒரே கலவையில் ஏறக்குறைய எல்லாச் செடிகளும் வளர்கின்றன என்பதை. உரம் அதில் கையளவு; கொம்பு குளம்புத் தூள், சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ். முப்பது ஆண்டு கழித்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பூட்லி, ரேமண்ட் ஷெல்ட்ரேக் இருவரும் அடுத்த படிக்குப் போனார்கள். ஏழு பங்கு மண்ணையும் தூக்கி எறிந்தார்கள். பீட், அதோடு பொரித்த கனிமங்களான வெர்மிகுலைட் அல்லது பெர்லைட், கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் உரம், அவ்வளவுதான். இன்று கனடாவின் எந்தக் கடையிலும் 'பாட்டிங் சாயில்' என்று அச்சடித்து விற்கும் பையைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் மண் இருக்காது. அந்தக் கார்னெல் கலவையின் பேரப்பிள்ளைகள்தான் இருக்கும். அதே கடையில் பக்கத்திலேயே, பாதி விலைக்கு, 'டாப் சாயில்' என்றும் 'கார்டன் சாயில்' என்றும் கறுப்பாய்க் கனமாய் மூட்டைகள் கிடக்கும். கொல்லைப்புற நினைவு உள்ளவர் கை அங்கேதான் போகும். கறுப்பு, கனம், மலிவு. நம் ஆட்கள் வாங்கிய மூட்டைகளில் மிக விலை கூடியது அதுதான், கன்றின் விலையையும் சேர்த்தால்.

அந்தப் பைகளுக்குள் பீட்டுக்குப் பதிலாகவோ அதனுடன் கலந்தோ இப்போது அதிகமாகக் காணப்படுவது நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருள்: தென்னை நார்க்கழிவு. யாழ்ப்பாணத்தார் சொல்லும் தும்புத்தூள், நர்சரிக்காரர்கள் சொல்லும் கொக்கோபீட். தேங்காய் மட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் நார். மீதி இந்தத் தூள். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளின் வெளியே சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடந்து, எரிக்கவும் முடியாமல் மக்கவைக்கவும் முடியாமல் தொல்லையாக நினைக்கப்பட்ட பொருள். லிக்னின் மிகுந்ததால் லேசில் மக்காது. சிப்பிக் காளான் பூஞ்சையை விட்டு மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். லேசில் மக்காத அதே குணம்தான் தொட்டிக்கு வரப்பிரசாதம். இரண்டு மூன்று ஆண்டு ஆனாலும் அது அமுங்கிக் களியாகாது. துளைகள் துளைகளாகவே இருக்கும். ஐந்து கிலோக் கட்டியை ஊறவைத்தால் எழுபது லிட்டர்போல் உப்பி வரும். கப்பலேறிப் போய் நெதர்லாந்தின் கண்ணாடி வீடுகளில் தக்காளியையும், கனடாவில் வேறு பயிர்களையும் தாங்கி நிற்பது இதுதான். ஸ்கார்பரோவில் கறிவேப்பிலைக்கு நல்ல மண் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவருக்கு ஊர்ச் சரக்கே பொட்டலமாக வந்து காத்திருக்கிறது.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. மட்டை இயல்பிலேயே பொட்டாசியமும் சோடியமும் நிறைந்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டையானால் கேட்கவே வேண்டாம். அந்த உப்பைப் போகக் கழுவ வேண்டும். கழுவினாலும் தூளின் பரப்பில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் எளிதில் விடாது; நாம் ஊற்றும் உரத்திலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தான் பிடித்துக்கொண்டு, பதிலுக்குத் தன்னிடமுள்ளதை வெளியே விடும். புதுக் கொக்கோபீட்டில் வைத்த செடியின் இளம் இலைகள் சுருண்டும் நுனி கருகியும் வருவது பெரும்பாலும் இதனால். நல்ல உற்பத்தியாளர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து இந்தக் கணக்கை முன்கூட்டியே தீர்த்து அனுப்புகிறார்கள். பையில் 'பஃபர்டு' என்று போட்டிருக்கும். விலை கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

கொக்கோபீட் மட்டும் போதுமா என்றால், நுணுக்கமான தூளானால் போதாது. காற்றுக்கு இடம் வேண்டும். அதற்குத்தான் பெர்லைட். எரிமலைக் கண்ணாடியைச் சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கினால் உள்ளே சிறைப்பட்ட ஈரம் ஆவியாகி, அரிசி பொரிவதுபோல் பொரிந்து வெள்ளையாய்க் கனமற்று நிற்கும். அதில் சத்து ஒன்றும் கிடையாது. காசு கொடுத்து வாங்குவது காற்றை. கொக்கோபீட் ஐந்து பங்கு, பெர்லைட் மூன்று பங்கு, மண்புழு உரம் ஒன்றரைப் பங்கு என்பது நான் சொல்லும் அளவு. யாரும் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். சரியா என்று சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தயிர் டப்பாவின் அடியில் நான்கு ஓட்டை போட்டு நாடாவால் ஒட்டி மூடுங்கள். ஈரக்கலவையைத் தொட்டியில் எப்படி நிரப்புவீர்களோ அப்படி நிரப்புங்கள். ஓரத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, மேலே பளபளவென்று தெரிந்ததும் நிறுத்திச் சிறிது நேரம் விடுங்கள். இன்னொரு பாத்திரத்தின் மேல் தூக்கிப் பிடித்து நாடாவை உரியுங்கள். சொட்டி முடிந்த தண்ணீரை அளவுக் குவளையில் அளந்தால், அது 150 மில்லி என்றால் கலவையில் 15 விழுக்காடு காற்று. தண்ணீர் வெளியேறிய இடத்தில் காற்றுத்தானே நுழைந்திருக்கும். பத்துக்குக் கீழே போனால் எனக்குப் பயம். இருபதை நெருங்கினால் நிம்மதி. டப்பாவைவிடத் தொட்டி உயரமானதால் அதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அந்தக் கறுப்பு 'டாப் சாயிலை' இதே டப்பாவில் போட்டுப் பாருங்கள். சில கரண்டி வடிந்தால் அதிகம்.

இனி உரம். இங்கேதான் கடைக்காரர் நம்மைப் பிடிக்கிறார். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. வீட்டுக்கு நான்கு செடிவரை வளர்க்கலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் சொன்னது. கியூபெக் மாகாணம் அதைத் தன் எல்லைக்குள் தடுத்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி வீட்டில் ஒரு செடி வைத்தாலும் குற்றம்தான். இலங்கையிலும் அனுமதி இல்லை. அது தனிக் கதை. நமக்கு இதில் சம்பந்தம், வீட்டுக்குள் தொட்டியில் செடி வளர்ப்பதற்கான மண், விளக்கு, உரக்கடைகளின் கண்ணாடி அலமாரிகள் அந்தச் செடியை நம்பியே நிறைந்தன என்பதில். வளர்ச்சிக்கு ஒரு குப்பி, பூப்பதற்கு ஒரு குப்பி, வேருக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று, கடைசியில் உப்பைக் கழுவ ஒன்று. பத்துப் பன்னிரண்டு குப்பிகள், வாராவாரம் எந்தக் குப்பியில் எத்தனை மில்லி என்று அட்டவணை. கறிவேப்பிலைக்காரரும் அதே வாசலில்தான் நுழைகிறார், அதே அட்டவணையோடு வெளியே வருகிறார். கஞ்சாச் செடிக்கே இத்தனையும் தேவையா என்று கேட்டால், பூக்கும் பருவத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் கொட்ட வேண்டும் என்ற நம்பிக்கையை ஆய்வு தாங்கிப் பிடிக்கவில்லை. ஒன்டாரியோவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் சோதித்த அளவுகளுக்குள் பொட்டாசியத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் விளைச்சல் அதற்கு அசைந்துகொடுக்கவில்லை. நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் ஓரளவு வரை பலன் உண்டு, அதற்குமேல் பலன் இறங்குகிறது.

செடிக்குத் தேவையான தனிமங்கள் 17 என்பது பாடப்புத்தகக் கணக்கு. கார்பனும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் காற்றிலும் தண்ணீரிலும் வந்துவிடும். மீதியை உப்புகளாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், மண்ணே இல்லாமல் செடி முளைத்து வளர்ந்து விதை தரும் என்று ஜெர்மனியில் யூலியஸ் ஸாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் 1860களிலேயே காட்டிவிட்டார்கள். வேர் வாங்கிக்கொள்வது நைட்ரேட்டை. அது மாட்டுச்சாணத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று வேருக்கு வித்தியாசம் தெரியாது. கறிவேப்பிலையில் நாம் பறிப்பது இலை. இலைக்கு முதன்மையான தேவை நைட்ரஜன். பெட்டியின் மேல் மூன்று எண்கள் இருக்கும். ஏறக்குறைய 3–1–2 என்ற விகிதத்தில் வருவது எதுவானாலும் சரி, கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கலாம். கண்ணில் மண் தூவும் கணக்கு ஒன்றும் அங்கே உண்டு: நடு எண் பாஸ்பரசின் அளவில்லை, பாஸ்பரஸ் ஆக்சைடின் அளவு, அதை 0.44ஆல் பெருக்கினால்தான் உண்மையான பாஸ்பரஸ். மூன்றாவதை 0.83ஆல் பெருக்க வேண்டும். ஒரே பெட்டி. வெயில் காலத்தில் பெட்டியில் சொன்ன அளவில் கால்வாசி, வாரம் ஒருமுறை. பன்னிரண்டு குப்பிகளின் வேலை இதில் முடிந்துவிடுகிறது.

ரசாயனம் வேண்டாம், சாப்பிடும் இலையாயிற்றே, சாணமும் மண்புழு உரமும் பிண்ணாக்கும் இருக்கும்போது உப்பு எதற்கு என்பார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் பேசிக் கேட்ட தலைமுறை அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அவர் சொன்னது நிலத்தை. நிலத்தில் சாணம் போடுவது செடிக்குச் சோறு போடுவதோடு நிற்பதில்லை; கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்குச் சோறு, அவை மண்ணைத் துகளாய்க் கட்டி அதில் காற்றுத் துளைகளை உண்டாக்குகின்றன. அதாவது அங்கேயும் இயற்கை உரத்தின் பெரிய கொடை காற்றுத்தான். பத்து லிட்டர்த் தொட்டியில் அந்தச் சமூகம் முழுசாய்க் குடியேறாது. கடலைப் பிண்ணாக்குக் கரைசலை நவம்பர் மாதத்து ஜன்னலோரத் தொட்டியில் ஊற்றினால், அது மக்குவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் வேரிடமிருந்தே பிடுங்கும். நாற்றம் வரும், மண் முழுக்கச் சின்னக் கொசுப் பூச்சிகள் பறக்கும், வீட்டில் சண்டை வரும். கலவையில் ஆறில் ஒரு பங்கு மண்புழு உரம் நல்லதே. நுண்சத்துகள் கிடைக்கும், ஊட்டம் மெதுவாக இறங்கும். பாதிக்குப் பாதி போட்டால் அது மீண்டும் அதே கறுப்புச் சேறுதான்.

மோர்க் கேள்வி வராமல் இந்தப் பேச்சு முடியாது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். அதில் ஒரு கூர்மையான கவனிப்பு இருக்கிறது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக வந்து சேர்ந்த, லின்னேயஸின் மாணவரான யோஹான் கேனிக் என்பவரின் பெயர்தான் இந்த மரத்தின் தாவரவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகள் பலவும் காரமான மண்ணில் இரும்பை எடுக்கத் திணறும். புது இலை மஞ்சளாகவும் அதன் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் வரும். புளித்த மோரின் லாக்டிக் அமிலம் காரத்தைச் சற்றுத் தணிக்கும், இரும்பைக் கரைக்கும், போதாததற்குக் கொஞ்சம் நைட்ரஜனும் கால்சியமும் தரும். சுண்ணாம்பு மிகுந்த கிணற்றுத் தண்ணீர் பாயும் கொல்லையில் இது அர்த்தமுள்ள வைத்தியம். ஆனால் அந்த அமிலத்தை நுண்ணுயிர்கள் சில நாளில் தின்றுவிடும். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது, கடின நீர்; டொராண்டோவுக்கு ஒன்டாரியோ ஏரியிலிருந்து வருவது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அதிலும் பைகார்பனேட் உண்டு. தினசரி அது தொட்டிக்குள் சேரச் சேரக் காரம் ஏறிக்கொண்டேயிருக்கும். மாதம் ஒரு டம்ளர் மோர் இதை ஈடுகட்டாது. தொட்டியின் அடியில் வழிந்தோடும்வரை, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை எப்போதாவது ஊற்றிக் கழுவிவிடுவதும், முடிந்தால் மழைத்தண்ணீரோ உருகிய பனித்தண்ணீரோ பிடித்து அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுவதும், கரையும் இரும்பு கலந்த உரமும்தான் வேலை செய்யும். இன்னொன்று: சேற்றில் குளிர்ந்து நிற்கும் வேர், இரும்பு நிறைய இருந்தாலும் எடுக்காது. அங்கே மோர் ஊற்றுவது, மூழ்குகிறவன் வாயில் மோரை ஊற்றுவதுதான்.

குளிர்காலத்துக்கு உரமே வேண்டாம் என்பதையும் இதோடு சொல்லிவிட வேண்டும். டிசம்பரின் மிகக் குறுகிய நாளில் டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. அதுவும் சாய்ந்த, மேகம் மூடிய வெளிச்சம். சென்னையில் அதே நாளில் பதினோரு மணி நேரத்துக்கு மேல். எந்த ஒன்று மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும் என்று ஜெர்மானியரான ஸ்ப்ரெங்கல் சொல்லி லீபிக் பிரபலமாக்கிய விதியை வெளிச்சத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். குறைவாக இருப்பது வெளிச்சம் என்றால், நைட்ரஜனைக் கூட்டுவது தொட்டியில் உப்பைக் கூட்டுவதாகும். மண் தொட்டியின் விளிம்பில் பூக்கும் வெள்ளைப் படலம் அந்த உப்புத்தான். கறிவேப்பிலைக்கு இலையை உதிர்த்துவிட்டு உறங்கவும் தெரியும். உதிர்ந்ததைப் பார்த்துப் பதறி ஊட்டம் கொடுப்பதால்தான் பல செடிகள் பிப்ரவரியைப் பார்ப்பதில்லை. நவம்பர் முதல் மார்ச்வரை உரத்தை அலமாரியில் வைத்துவிட்டு, தொட்டியைக் கையால் தூக்கிப் பார்த்து, கனம் நன்றாகக் குறைந்த பிறகு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். தேங்காயைக் கையில் எடுத்து எடை பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு இரண்டு வாரத்தில் கைவந்துவிடும்.

பீட்டா கொக்கோபீட்டா என்பதில் எது குற்றமற்றது என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டுமே இல்லை. கனடாவின் கியூபெக், நியூ பிரன்ஸ்விக் சதுப்புகளிலிருந்து வெட்டியெடுக்கும் பீட், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்போல்தான் வளர்ந்து சேர்ந்தது. ஒரு தொட்டியளவு ஆழம் சில நூற்றாண்டு. கொக்கோபீட்டைக் கழுவ நன்னீர் வேண்டும். குவியல்களிலிருந்து வடியும் செந்நிறச் சாறு கிணறுகளைக் கெடுக்கிறது என்று பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்து விவசாயிகள் நெடுங்காலமாகக் குறைப்பட்டு வருகிறார்கள். ஆண்டுதோறும் புதுப் பை வாங்கிப் பழையதைக் குப்பையில் கொட்டுவதுதான் நம்மால் உடனே நிறுத்தக்கூடியது. கொக்கோபீட் கலவை லேசில் சிதையாது. சலித்து, வேர்த்தூசியை எடுத்து, நன்றாகக் கழுவி, புதுப் பெர்லைட் ஒரு பிடி சேர்த்தால் இன்னொரு சுற்று வரும். அழுகி இறந்த செடியின் கலவையை மட்டும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

மே மாதம் மூன்றாம் வாரத்தில், உறைபனி முடிந்து தொட்டிகள் வெளியே போகும்போது, செடியைத் தூரோடு பிடித்துத் தொட்டியைத் தலைகீழாகத் தட்டிக் கழற்றினால் ஓராண்டின் வரலாறு முழுக்க வெளியே தெரியும். கறுப்பு மண்ணில் இருந்ததானால் மேலே நான்கு விரல் அளவுக்கு வேர்கள் பின்னிக்கிடக்கும். அதற்குக் கீழே வேரே இருக்காது, சாம்பல் நிறக் களிதான், முகர்ந்தால் அழுகின முட்டை வாடை. போட்ட உரமெல்லாம் அந்தக் களியில்தான் கிடக்கும். பெர்லைட் கலந்த தும்புத்தூளில் இருந்ததானால் வெள்ளை வேர்கள் பக்கச் சுவரெல்லாம் ஓடி, அடி ஓட்டைவரை வந்து, ஓட்டாஞ்சில்லைச் சுற்றிக்கொண்டு நிற்கும். பிரித்தெடுக்க முடியாமல் சில்லோடு சேர்த்தே அடுத்த பெரிய தொட்டியில் இறக்க வேண்டியிருக்கும்.